நெறிக்கட்டும் நோயின் பெயரும்: உறுப்பு மாற்ற வரலாற்றில் ஒரு பக்கம்

பந்திங் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘நெறி கட்டுதல்’ என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. காலில் முள் குத்திப் புண்ணான பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தால், வீட்டிலுள்ள பாட்டி காலைப் பார்ப்பதற்கு முன்பே தொடையிடுக்கைத் தொட்டுப் பார்ப்பார். அங்கே உருண்டையாக ஏதேனும் கையில் தட்டுப்பட்டால், “நெறி கட்டியிருக்கு” என்பார். புண் ஆறினால் நெறியும் தணியும் என்பது அவர் கணக்கு. அக்கணக்குப் பெரும்பாலும் பிழைத்ததில்லை. இன்றைய மருத்துவ நூல்கள் நிணக்கணு வீக்கம் என்று குறிப்பிடுவது இதனையே. அயலார் எவரோ உள்ளே நுழைந்துவிட்டனர் என்பதற்கு உடல் தரும் முதல் அறிவிப்பு அது.

இப்பொழிவில் நாம் எடுத்துக்கொண்ட பொருளோ, அயலாரை நாமே விரும்பி அழைத்துக்கொண்ட பின்னர்க் கட்டும் நெறியைப் பற்றியது. ஒருவருடைய சிறுநீரகத்தையோ கல்லீரலையோ இதயத்தையோ மற்றொருவர் உடலில் பொருத்தும் மருத்துவம் வளர்ந்தபோது, அதன் நிழலாக ஒரு நோயும் உடன் வளர்ந்தது. உறுப்பைப் பெற்றவர் நலமாக இருக்கும் நாளில், கழுத்திலோ அக்குளிலோ வயிற்றினுள்ளோ, சில வேளைகளில் புதிதாகப் பெற்ற அவ்வுறுப்பிலேயோ, நிணவணுக்கள் கட்டுமீறிப் பெருகத் தொடங்கும். இதனை மொழி மன்றத்தின் மேடையில் பேசுவானேன் என்று அவையோர் வினவலாம். இருபது ஆண்டுகளுக்குள் இந்நோயின் பெயர் மாறியது. பெயர் மாறிய வழியே மருத்துவமும் மாறியது. ஒரு சொல்லைத் திருத்தியதனால் உயிர் பிழைத்தோர் உண்டு என்பதே நாம் இங்கே காட்ட விழைவது.

நம் நாட்டுச் செய்தியிலிருந்து தொடங்குவோம். 1974ஆம் ஆண்டில் மலேசியாவில் மனிதத் திசுச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, 1975 டிசம்பர் 15 அன்று, கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. உயிருடனிருந்த உறவினர் ஒருவரே சிறுநீரகத்தை ஈந்தார். தமிழ்நாட்டின் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இவ்வறுவை வெற்றி கண்டது 1971இல். அதற்கு நான்காண்டுகளே பிந்தியவர்கள் நாம். பின்னர் 1987இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் எலும்பு மச்சை மாற்றமும், 1995இல் சுபாங் ஜெயாவில் கல்லீரல் மாற்றமும், 1997இல் தேசிய இருதயக் கழகத்தில் இதய மாற்றமும் நடந்தேறின. நீரிழிவு மிகுந்த நம் சமூகத்தில் இச்செய்திகள் வெறும் நாளேட்டுச் செய்திகளாக நின்றுவிடவில்லை. வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு நாற்காலியில் அமர்ந்திருப்பவரை அறியாத தமிழ்க் குடும்பம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அரிது. அந்நாற்காலியிலிருந்து எழுந்து வருவதற்குரிய வாயில் உறுப்பு மாற்றம் ஒன்றே. அவ்வாயில் உள்நாட்டில் குறுகியிருந்தமையால் இந்தியாவுக்கும், அங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் சீனாவுக்கும் சென்று, விலை கொடுத்துச் சிறுநீரகம் பெற்றுத் திரும்பியோரும் பலர். அது தனியே பேசவேண்டிய வரலாறு. இங்கே தொட்டுச் செல்கிறோம்.

வாயிலைக் கடந்தவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் சோசப் மர்ரே செய்த முதல் வெற்றி, ஒரே கருவில் தோன்றிய இரட்டையரிடையே நிகழ்ந்தது. உடன்பிறப்பின் சிறுநீரகத்தைப் பெற்றவரின் உடல் அதனை அயலாகவே கருதவில்லை. ஆகவே, அதனைக் காக்கத் தனி மருந்து வேண்டியிருக்கவில்லை. மற்ற மாந்தர்க்கு அப்பேறு இல்லை. உடலின் காவற்படை புதிய உறுப்பை எதிரியெனக் கண்டு தாக்கும். அப்படையை அடக்கிவைக்க 1960களின் தொடக்கத்தில் அசத்தியோபிரின் என்னும் மருந்து வந்தது. டென்வர் நகரில் தாமசு ஸ்டார்சல் அதனோடு பிரெட்னிசோன் என்னும் இயக்குநீர் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார். சிறுநீரகங்கள் நிலைத்தன. உறுப்பு நிலைத்திருக்கும் வரை மருந்தும் நிற்கலாகாது என்பதே அந்த நிபந்தனை.

1968இல் நியூசிலாந்து மருத்துவர்கள் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். சிறுநீரகம் பெற்று, மேற்சொன்ன இரு மருந்துகளையும் உட்கொண்டுவந்த ஒருவருக்கு நிணத்திசுவில் கொடிய கட்டி தோன்றியிருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர், அக்கால வழக்கின்படி, ‘ரெட்டிகுலம் செல் சார்கோமா’. தமிழில் சொல்வதாயின், வலைத்திசுப் புற்று. இதுவே நோயின் முதற்பெயர். பெயரிலேயே தீர்ப்பும் அடங்கியிருந்தது. புற்று என்றால் வெட்டுவது, கதிரால் சுடுவது, கடும் மருந்து ஏற்றுவது. இவையன்றி அக்காலத்தில் வேறு வழி தெரியாது. எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே அடக்கப்பட்ட ஓர் உடலில் இவற்றையும் செலுத்தினால் விளைவு யாதாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் டென்வரில் இசுரேல் பென் என்னும் அறுவை மருத்துவர் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர் அவர். உறுப்பு பெற்றோருக்கு வரும் புற்றுக்களின் விவரங்களை உலகெங்குமுள்ள மருத்துவமனைகளிலிருந்து திரட்டி, ஒவ்வொன்றாகப் பதிந்து வந்தார். வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்பாளர்க்குக் கிடைக்கும் புகழ் இத்தகைய கணக்கப்பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் அவர் ஏட்டில்தான் ஒரு புதிர் தெளிவாகத் தெரிந்தது. எதிர்ப்பாற்றலே அன்றாடம் முளைக்கும் புற்றணுக்களைக் களைகிறது என்றும், அது தளர்ந்தால் எல்லாப் புற்றுக்களும் தலையெடுக்கும் என்றும் ஆசுத்திரேலிய அறிஞர் மெக்பார்லேன் பர்னெட் முதலானோர் கருதினர். அங்ஙனமாயின் மார்பகப் புற்றும் குடற்புற்றும் பிறவும் ஒருசேரப் பெருகியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. நிணத்திசுவின் கட்டிகளும் தோற்புற்றும் வேறு சிலவுமே எல்லை மீறிக் காணப்பட்டன. ஏன் நிணத்திசு?

விடை, உறுப்பு மாற்றத்தோடு தொடர்பே இல்லாத ஓரிடத்திலிருந்து, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உகாண்டாவின் கம்பாலா நகரில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் டெனிசு பர்க்கிட், தாடையில் பெருங்கட்டியோடு வந்த குழந்தைகளை 1957 முதல் கண்டு குறிப்பெடுத்து வந்தார். 1961 மார்ச் 22 அன்று இலண்டன் மிடில்செக்சு மருத்துவமனையில் அவர் அதுபற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவையில் அமர்ந்து கேட்டவர்களுள் அந்தோணி எப்ஸ்டீன் ஒருவர். இக்கட்டிக்கு ஒரு நச்சுயிரி காரணமாகலாம் என்று அவருக்கு அங்கேயே தோன்றியது. (ஒரு பொதுப்பொழிவினால் என்ன விளைந்துவிடும் என்று கேட்போர்க்கு நாம் இதனை நினைவூட்டுவது வழக்கம்.) கம்பாலாவிலிருந்து கட்டித் துணுக்குகள் வானூர்தியில் வரத் தொடங்கின. ஈராண்டுக் காலம் ஒன்றும் கிட்டவில்லை. 1963 டிசம்பரில் ஒரு நாள் இலண்டனை மூடுபனி சூழ்ந்திருந்தமையால் வானூர்தி மான்செசுடருக்குத் திருப்பப்பட்டது. பொதி பிந்தி வந்து சேர்ந்தபோது உள்ளிருந்த நீர் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டதென்று கொட்டியிருக்கலாம். எப்ஸ்டீன் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கலக்கத்துக்குக் காரணம் நுண்ணுயிர்கள் அல்ல. கட்டியிலிருந்து கழன்று தனித்து மிதந்த உயிருள்ள நிணவணுக்கள். அவற்றை வளர்த்து, மின்னணு நுண்ணோக்கியில் கண்ட நச்சுயிரியை எப்ஸ்டீன், திரினிடாடில் பிறந்த பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகிய மூவரும் 1964 மார்ச்சில் உலகுக்கு அறிவித்தனர். மூவருள் இருவர் பெயரே அந்நச்சுயிரிக்கு நிலைத்தது. அச்சோங்கின் பெயர் விடுபட்டது நமக்கு இன்றும் உறுத்துகிறது.

எப்ஸ்டீன்-பார் நச்சுயிரி அரிதான ஒன்றன்று. உலகில் வளர்ந்த மாந்தருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் அதனைத் தாங்கியே வாழ்கின்றனர். எச்சில் வழியே பரவுவது அது. ஒரே தட்டில் பலர் உண்டு, ஒரே குவளையில் நீர் அருந்தி, தாய் மென்று கொடுத்ததைத் தின்று வளர்ந்த பிள்ளைக்குச் சிறு வயதிலேயே அது தொற்றிவிடும். காய்ச்சல் என்ற பெயர்கூட இல்லாமல் வந்து அடங்கும். ஒதுங்கி வாழும் வளமான வீட்டுப் பிள்ளைக்கோ பதின்ம வயதில் தொற்றி, தொண்டை வலியும் கழுத்தில் நெறியுமாகப் பல வாரம் படுக்கவைக்கும். பிலடெல்பியாவில் ஆய்வாளர் ஹென்லே இணையரின் ஆய்வுக்கூடப் பணிப்பெண் ஒருவர் அவ்வாறு நோயுற்றதனாலேயே இவ்வுண்மை 1968இல் வெளிப்பட்டது.

நம் தீபகற்பத்துக்கும் இந்நச்சுயிரியின் வரலாற்றில் பங்குண்டு. சீன மக்களிடையிலும் சரவாக்கின் பிடாயு மக்களிடையிலும் மிகுதியாகக் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றிலும் அதன் கை இருப்பது 1966 முதல் தெரியவந்தது. அப்புற்றின் திசுக்கூற்றை ஆய்ந்து உலகறியச் செய்தவர்களுள் முன்னிற்பவர் சிங்கப்பூரில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழ் மரபினர், நோய்க்கூற்றியல் பேராசிரியர் க. சண்முகரத்தினம். மேல் மூச்சுத்தடக் கட்டிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 1978இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூல் அவரும் சோபினும் உருவாக்கியது. நோய்களுக்குப் பெயர் வகுக்கும் அவையில் ஒரு தமிழர் அமர்ந்திருந்தார் என்பதை இம்மன்றம் அறிந்திருத்தல் தகும்.

இனி இரு கதைகளும் சந்திக்கும் இடம். நச்சுயிரி ஒருமுறை உட்புகுந்தால் வெளியேறுவதில்லை. பி-நிணவணு என்னும் ஒருவகை வெள்ளணுவுக்குள் ஒடுங்கியிருக்கும். அவ்வப்போது அது அவ்வணுவைப் பெருகும்படி தூண்டும். டி-நிணவணுக்கள் என்னும் காவலர் அவ்வாறு பெருகுவனவற்றை அடையாளம் கண்டு அழிப்பர். வாழ்நாள் முழுதும் ஓசையின்றி நடக்கும் காவல் அது. புதிய உறுப்பைத் தாக்குவோரும் அக்காவலரே. ஆகவே, உறுப்பைக் காக்க அவர்களை மருந்தால் முடக்கினால், உள்ளே ஒடுங்கியிருந்தது தடையின்றிப் பெருகும்.

1978இல் கேம்பிரிட்சில் ராய் கான் என்னும் அறுவை மருத்துவர் சைக்ளோஸ்போரின் என்னும் புதுமருந்தை நோயாளிகளுக்கு முதன்முதல் கொடுத்தார். நார்வே நாட்டு மேட்டுநிலத்து மண்ணிலிருந்த பூஞ்சையில் கிடைத்தது அம்மருந்து. அது டி-நிணவணுக்களையே குறிவைத்து அடக்கியது. உறுப்புகள் முன்னெப்போதும் இல்லாத அளவில் நிலைத்தன. கல்லீரல், இதய மாற்றங்கள் அன்றாட மருத்துவமானது அம்மருந்தால்தான். ஆனால், முதன்முதலில் அளவு தெரியாமல் கொடுக்கப்பட்ட நோயாளிகளுள் சிலரிடம் நிணக்கட்டிகளும் தோன்றின. 1980இல் அத்தகைய ஒரு கட்டியின் அணுக்களுக்குள் எப்ஸ்டீன்-பார் நச்சுயிரியின் தடயம் கண்டறியப்பட்டது.

அடுத்த ஆண்டே மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் சிறுநீரகம் பெற்றோரின் கட்டிகளை வரிசையாக ஆய்ந்து, அவை ஒரே நோயல்ல என்றனர். சிலரிடம் கழுத்து நெறியும் காய்ச்சலுமாக நச்சுயிரித் தொற்றின் சாயல். சிலரிடம் முற்றிய புற்று. பலரிடம் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. எனவே, அவர்கள் ‘புற்று’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘நிணவணுப் பெருக்கக் கோளாறுகள்’ என்று பொருள்படும் தொடரைக் கையாண்டனர். கோழைத்தனமான சொல்லாகச் சிலருக்கு அது தோன்றியிருக்கலாம். நமக்கோ, மருத்துவ மொழியின் வரலாற்றில் மிக நேர்மையான சொற்களுள் ஒன்றாக அது படுகிறது. எங்கே தொற்று முடிந்து எங்கே புற்று தொடங்குகிறது என்பதை இயற்கையே வரையறுக்காத இடத்தில் அச்சொல் பொய்யாக ஒரு கோடு கிழிக்கவில்லை.

இதன் உண்மையை 1984 பிப்ரவரியில் உலகம் ஒரு சிறுவன் மூலம் கண்டது. டேவிட் வெட்டர், எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறந்து, ஊசுட்டன் நகரில் நெகிழிக் கூண்டினுள்ளேயே பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்தவன். தமக்கையின் எலும்பு மச்சை அவனுக்கு 1983 அக்டோபரில் செலுத்தப்பட்டது. அம்மச்சையில் ஒடுங்கியிருந்த எப்ஸ்டீன்-பார் நச்சுயிரியும் உடன் வந்தது. தமக்கைக்கு ஒரு தீங்கும் செய்யாத நச்சுயிரி, காவலரே இல்லாத தம்பியின் உடலில் கட்டுமீறியது. பிப்ரவரி 22 அன்று அவன் இறந்தான். ஆய்ந்து பார்த்தபோது அவன் கட்டிகள் ஒரே அணுவின் வழித்தோன்றல்களாக இல்லை. பல மூலங்களிலிருந்து எழுந்திருந்தன. புற்றுக்கு உரிய இலக்கணம் அதுவன்று.

அதே 1984இல் ஸ்டார்சல், அப்போது பிட்சுபர்க் நகரில், தம் நோயாளிகளைப் பற்றி இலான்செட் இதழில் எழுதினார். சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் பெற்றவர்கள் அவர்கள், நிணக்கட்டி கண்டவர்கள். அவர் செய்தது எளிய செயல். துணிவு மிகுந்த செயல். சைக்ளோஸ்போரினையும் இயக்குநீர் மருந்தையும் குறைத்தார், சிலருக்கு நிறுத்தினார். கட்டிகள் கரைந்தன. புற்றென்று தீர்ப்பளிக்கப்பட்ட கட்டி, கடும் மருந்து ஒன்றும் ஏற்றாமல், இருந்த மருந்தைக் குறைத்ததனாலேயே மறைந்தது. காவலர் திரும்பினர், திரும்பியதும் தம் பணியைச் செய்தனர். பாட்டியின் கணக்குப்படி, புண் ஆறியதும் நெறி தணிந்தது.

எல்லாருக்கும் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மருந்தைக் குறைத்தால் காவலர் கட்டியை மட்டுமன்றி உறுப்பையும் தாக்குவர். சிறுநீரகம் பெற்றவராயின், உறுப்பை இழந்தாலும் உயிர் இழக்க வேண்டியதில்லை. மீண்டும் அந்தச் சுத்திகரிப்பு நாற்காலிக்குத் திரும்பலாம். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற சிறுநீரகத்தைக் கைவிட்டு நாற்காலிக்குத் திரும்புவது எத்துணைத் துயரம் என்பது அதில் அமர்ந்தவர்க்கே தெரியும். ஆயினும் திரும்புவதற்கு ஓரிடம் உண்டு. இதயம் பெற்றவர்க்கு அத்தகைய நாற்காலி இல்லை. அவருக்கு மருந்தை எந்த அளவுக்குக் குறைப்பது என்பதை மருத்துவர் நாள்தோறும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நோய் வரும் அளவும் உறுப்புக்கேற்ப வேறுபடுகிறது: சிறுநீரகம் பெற்ற பெரியவர்களில் நூற்றில் ஓரிருவர்; இதயம், நுரையீரல் பெற்றோரில் அதனினும் மிகுதி; சிறுகுடல் பெற்றோரில் மிக மிகுதி. முன்பு நச்சுயிரியே தொற்றாத குழந்தைக்கு, அது தொற்றிய பெரியவரின் உறுப்பு பொருத்தப்படும்போது ஆபத்து உச்சமடைகிறது. லயன் வீட்டில் ஒரே குவளையில் அருந்தி வளர்ந்த தலைமுறைக்கு, வறுமை அறியாமலேயே ஒரு கவசத்தை அணிவித்திருந்தது என்று சொன்னால் முரணாகத் தோன்றும். ஆனால் அதுவே உண்மை.

தமிழில் இதனை எவ்வாறு வழங்குவது என்பது நம் மன்றத்துக்குரிய வினா. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றிய அமெரிக்கர் சாமுவேல் பிசுக் கிறீன், ‘இரண வைத்தியம்’ போன்ற நூல்களை ஆக்கியபோது, ஊரார் வாயில் வழங்கிய சொல் இருக்குமாயின் அதனையே முதலில் தேடினார் என்பது அந்நூற்பெயரிலேயே தெரிகிறது. ‘இரணம்’ எவர்க்கும் விளங்கும். அவ்வழியை நாம் ஏற்பதாயின், ‘உறுப்பு மாற்றத்துக்குப் பிந்திய நிணவணுப் பெருக்கக் கோளாறு’ என்பது நூலுக்குரிய பெயராக இருக்கட்டும். நோயாளியின் படுக்கையருகே ‘மருந்தால் கட்டிய நெறி’ என்று தொடங்கி விளக்கலாம்.

சொல்லளவில் நின்றுவிடும் செய்தியன்று இது. மருத்துவமனைகளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லப்படுவது வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் ‘கேன்சர்’ என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், பெரியவரிடம் நோயின் பெயரையே சொல்லாமல் மறைத்தனர். அவர் யாரோ சொல்லக் கேட்டு, ‘எல்லாம் முடிந்தது’ என்று கருதி, மாத்திரை அனைத்தையும் தாமாகவே நிறுத்திவிட்டார். மருத்துவர் அளந்து, குருதியைச் சோதித்துச் சோதித்துக் குறைப்பது வேறு. அச்சத்தால் ஒருவர் ஒரே நாளில் நிறுத்துவது வேறு. முன்னது மருத்துவம், பின்னது உறுப்பை ஒரு சில வாரங்களில் அழித்துவிடவல்லது. அப்பெரியவர் மீண்டும் நாற்காலிக்குச் சென்றார். குறைப்பதே மருத்துவத்தின் முதற்படி, ஆனால் அதனைத் தாம் செய்யலாகாது என்னும் இரண்டு செய்திகளையும் ஒரே வாக்கியத்தில் அவருக்குப் புரியும்படி சொல்ல, அவ்வீட்டில் எவரிடமும் தமிழ்ச்சொல் இருக்கவில்லை.

1984க்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லி அமைவோம். 1997இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து பி-நிணவணுக்களைத் தேடிப் பிடிப்பது. மருந்தைக் குறைத்தும் கரையாத கட்டிகளுக்கு அது இன்று பெரிதும் பயன்படுகிறது. மெம்பிசு நகர ஆய்வாளர்கள் 1995இல், நச்சுயிரியை அடையாளம் காணப் பழக்கிய டி-நிணவணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மச்சை பெற்ற நோயாளிகளுக்குச் செலுத்தினர். முடக்கிய காவலருக்கு மாற்றாக, பயிற்றிய காவலரை வெளியிலிருந்து அனுப்பும் முறை அது. அந்நெறியில் உருவாகி, முன்கூட்டியே வளர்த்துச் சேமித்துவைத்த அணுக்களாலான ஒரு மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 டிசம்பரில் இசைவளித்தது. இந்நோய்க்கென்றே இசைவு பெற்றது அது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு, இந்நோயைத் தனித்து நிறுத்தாமல், எதிர்ப்பாற்றல் குன்றிய எந்நிலையிலும் எழும் நிணப்பெருக்கங்கள் என்னும் பெருந்தலைப்பின்கீழ்க் கொண்டுவந்தது. பெயர் இன்னொரு முறை மாறியிருக்கிறது. நம் சொற்பட்டியலில் அவ்விடத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.